டர்பன் சிறு கடைக்காரர்களுக்கு: ஏஐ-யிடம் கேட்டால் உங்கள் பெயர் வர என்ன செய்யலாம்?

“புரட்டாசி சனிக்கிழமைக்கு ஐம்பது பேருக்குச் சைவச் சாப்பாடு வேண்டும். ஃபீனிக்ஸ் பக்கம் யார் செய்து கொண்டுவந்து கொடுப்பார்கள்?” முன்பெல்லாம் இதைக் கோயிலில் பக்கத்தில் நிற்கும் ஆன்ட்டியிடம் கேட்போம். இப்போது அந்த ஆன்ட்டியின் மகளே போனை எடுத்து சாட்ஜிபிடியிடமோ ஜெமினியிடமோ கேட்கிறாள். மூன்று நாலு பெயர் வருகிறது. பல வருஷமாக இதே வேலையை நன்றாகச் செய்துவரும் நம் ஆட்களின் பெயர் பல சமயம் அதில் இருப்பதில்லை. அவர்கள் சமையலை ஊரே பாராட்டும், ஆனால் அந்தப் பாராட்டு எங்கேயும் எழுத்தில் இல்லை. எழுத்தில் இல்லாததை ஏஐ-யால் சொல்ல முடியாது.

தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று எங்கே பார்த்தாலும் நம் சிறு தொழில்கள் வாய்ச்சொல்லில் வளர்ந்தவைதான். அந்த வாய்ச்சொல்லை எழுத்தாக மாற்றிவைப்பது எப்படி என்பதற்கான வழிகாட்டி இது. கேட்டரிங், மசாலாக் கடை, புடவைக் கடை, டேக்-அவே, தையல், பூமாலை என எந்தத் தொழிலுக்கும் பொருந்தும். போனில் ஃபார்ம் நிரப்பத் தெரிந்த பிள்ளை வீட்டில் ஒருவர் இருந்தால் போதும். முக்கால்வாசி வேலைக்குப் பணம் தேவைப்படாது.

அந்தப் பெயர்கள் எங்கிருந்து வருகின்றன

ஏஐ இரண்டு வழியில் பதில் சொல்கிறது. ஒன்று, பயிற்சியின்போது படித்ததை வைத்து. சாட்ஸ்வொர்த்தின் ஒரு சிறு கடை அதில் பதிந்திருக்க வாய்ப்பு குறைவு. பதிந்திருந்தாலும் நம்மால் அதைத் திருத்த முடியாது. இன்னொன்று, கேள்வி வந்த அந்த நேரத்திலேயே இணையத்தில் தேடி, கிடைத்த பக்கங்களைப் படித்துப் பதில் எழுதுவது. நம் வேலை முழுக்க இந்த இரண்டாவது வழியில்தான். சாட்ஜிபிடியில் இந்தத் தேடல் 2024 அக்டோபர் கடைசியில் வந்தது. கூகுள் தேடலின் உச்சியில் வரும் ஏஐ சுருக்கம் அதே வருஷம் மே மாதம் அமெரிக்காவில் தொடங்கி, அக்டோபரில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது.

ஒவ்வொன்றும் தேடும் இடம் வேறு. ஜெமினி கூகுள் தேடலையும் கூகுள் மேப்பையும் பார்க்கும். கோபைலட்டுக்கு மைக்ரோசாஃப்டின் பிங். சாட்ஜிபிடி, இணையப் பக்கங்களைப் படித்துச் சேர்க்கும் தன் சொந்தத் தானியங்கியோடு பிங் போன்ற வெளித் தேடல்களையும் பயன்படுத்துகிறது. அதனால் கூகுளில் மட்டும் இருந்தால் போதும் என்ற பழைய எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் மனதில் வையுங்கள். ஏஐ நீளமான கேள்வியைப் பிரித்துப் பல சிறு தேடல்களாகச் செய்யும். சைவம், ஃபீனிக்ஸ், ஐம்பது பேர், டெலிவரி என்ற நாலும் உங்களைப் பற்றிய எழுத்தில் எங்கேயாவது இருந்தால்தான் உங்கள் பெயர் நிற்கும். “தரமான உணவு” என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த நாலில் ஒன்றுக்கும் பதில் கிடைக்காது.

முதலில் நீங்களே கேட்டுப் பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். உங்கள் கடைப் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், வாடிக்கையாளர் கேட்பதுபோலக் கேளுங்கள். “சாட்ஸ்வொர்த்தில் காவடிக்கு வேண்டிய சாமான் எங்கே கிடைக்கும்?”, “டொங்காட்டில் ஒரே வாரத்தில் ரவிக்கை தைத்துத் தருபவர் யார்?” என்ற மாதிரி. உங்கள் கணக்கில் இருந்தபடி கேட்டால் பழைய உரையாடலை நினைவில் வைத்து உங்களுக்கு ஏற்றபடி பதில் தரக்கூடும். அதனால் கணக்கிலிருந்து வெளியே வந்தோ, தற்காலிக உரையாடலிலோ கேளுங்கள். ஜெமினி, சாட்ஜிபிடி, கோபைலட் மூன்றிலும் கேளுங்கள். இங்கே பெரும்பாலானோர் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள் என்பதால் ஆங்கிலத்தில் ஒரு முறை, தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்கள் கேட்பதுபோலத் தமிழில் ஒரு முறை.

பதிலில் வந்த பெயர்களைவிட, கீழே காட்டப்படும் இணைப்புகளைக் கவனமாகப் பாருங்கள். எந்தப் பக்கங்களைப் படித்து அந்தப் பதில் எழுதப்பட்டது என்று அங்கே தெரியும். ஏதோ ஒரு கடைப் பட்டியல் தளம், உள்ளூர்ப் பத்திரிகைக் கட்டுரை, கூகுள் விமர்சனங்கள் என்று வரும். நீங்கள் இடம்பிடிக்க வேண்டிய இடங்கள் அவைதான். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். ஒரே கேள்விக்கு இன்று ஒரு பதில், நாளை வேறு பதில் வருவது சாதாரணம். ஒரு முறை வரவில்லை என்று மனம் உடைய வேண்டாம்.

பெயர், முகவரி, போன்: எல்லா இடத்திலும் ஒன்றே

இது சலிப்பான வேலை. ஆனால் டர்பனில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு, ஏனென்றால் இங்கே தெருக்களுக்கே இரண்டு பெயர். கிரே ஸ்ட்ரீட் இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட். பைன் ஸ்ட்ரீட், மான்டி நாயக்கர் ரோடு. விக்டோரியா ஸ்ட்ரீட், பெர்தா முகிஸே ஸ்ட்ரீட். ஆனால் அங்குள்ள மார்க்கெட் இன்றும் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்தான். பிரின்ஸ் எட்வர்ட் ஸ்ட்ரீட்டுக்கு டாக்டர் குணம் பெயர் வந்துவிட்டது. எடின்பரோவில் மருத்துவம் படித்துத் திரும்பி, இந்த ஊர் மக்களுக்காகச் சிறை சென்ற இந்திய வம்சாவளிப் பெண்மணியின் பெயர் அது, பெருமையோடு நம் முகவரியில் எழுத வேண்டியது. ஆனால் வாடிக்கையாளர் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.

ஒரு பட்டியலில் பழைய தெருப் பெயர், இன்னொன்றில் புதுப் பெயர், மூன்றாவதில் 031-இல் தொடங்கும் பழைய லேண்ட்லைன் எண் என்று இருந்தால், இவை ஒரே கடையா, வேறு வேறா என்று இயந்திரத்துக்கு உறுதியாகத் தெரியாது. உறுதியில்லாத கடையைப் பரிந்துரைக்க அது தயங்கும். ஆகவே முகவரிக் கட்டத்தில் எல்லா இடத்திலும் இப்போதைய அதிகாரப்பூர்வப் பெயரையே போடுங்கள். விளக்கப் பகுதியில் மட்டும் “பழைய கிரே ஸ்ட்ரீட், மார்க்கெட்டிலிருந்து நடந்து வரும் தூரம்” என்று ஒரு வரி சேருங்கள். சாட்ஸ்வொர்த்திலும் இதே கதைதான். ஊர்க்காரர்கள் யூனிட் நம்பர் சொல்வார்கள், மேப்பில் பேவியூ, ஆரீனா பார்க் என்று இருக்கும். விளக்கத்தில் இரண்டையும் எழுதுங்கள்.

ஒரு தாளில் கடையின் சரியான பெயர், முகவரி, +27-உடன் போன் எண், வாட்ஸ்அப் எண், நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். இனி எந்த ஃபார்ம் நிரப்பினாலும் அந்தத் தாளைப் பார்த்து அப்படியே நிரப்ப வேண்டும். அப்புறம் கடைப் பெயரையும் பழைய போன் எண்ணையும் தேடி, பழைய விவரம் இருக்கும் பக்கங்களைத் திருத்தச் சொல்லுங்கள்.

இலவசப் பதிவுகள்

கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் கடை விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் முதலில். கடையின் பெயர்ப்பலகை, உள்ளே, சாவி போட்டுத் திறப்பது என்று பெரும்பாலும் ஒரு சிறு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். வீட்டிலிருந்து சமைப்பவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிக்குக் கொடுக்கிறோம் என்று மட்டும் குறிப்பிடலாம். வீட்டு முகவரி ஊருக்கே தெரியுமே என்று பயந்து பதிவு செய்யாமல் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கடைப் பெயரோடு “டர்பனின் சிறந்த கேட்டரிங்” என்றெல்லாம் ஒட்டாதீர்கள், பதிவையே முடக்கக்கூடும். வகை என்ற கட்டத்தில் பொதுவாக “உணவகம்” என்று விடாமல், உங்கள் தொழிலுக்கு மிக நெருக்கமான வகையைத் தேடி எடுங்கள்.

விடுமுறை நேரங்களையும் அதிலேயே போடலாம். புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறவர்கள், வழியில் எந்தக் கடை திறந்திருக்கும் என்று அன்று காலைதான் கேட்பார்கள். தீபாவளி, செப்டம்பர் 24 விடுமுறை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

அடுத்து பிங்கின் கடைப் பதிவான பிங் ப்ளேசஸ். கூகுள் பதிவையே அங்கே இறக்கிக்கொள்ளலாம் என்பதால் சீக்கிரம் முடிந்துவிடும். ஐபோன்காரர்களுக்காக ஆப்பிள் மேப்பிலும் பதிந்துவிடுங்கள்.

ஒரே ஒரு பக்கம், ஆனால் எழுத்தில்

எனக்கு இதுதான் இந்தக் கட்டுரையின் நெஞ்சுப் பகுதி. நம் கடைகளில் பல வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் பேஸ்புக்கிலும்தான் வாழ்கின்றன. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எந்தத் தேடலுக்கும் தெரியாது. பேஸ்புக்குக்குள் பல தானியங்கிகளுக்கு அனுமதி இல்லை. கூகுள் ப்ரொஃபைலோடு இலவசமாகக் கொடுத்துவந்த சிறு வெப்சைட்டையும் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். அதை நம்பியிருந்தவர்களுக்கு இப்போது பக்கமே இல்லை. டாட் கோ டாட் ஸெட்ஏ முகவரியில் சொந்தமாக ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் போதும்.

அந்தப் பக்கத்தில் மெனுவைப் படமாகப் போடாதீர்கள். அழகாக டிசைன் செய்து, மஞ்சள் எழுத்தில் விலைப்பட்டியல் போட்ட அந்தப் போஸ்டரிலிருந்து பல தானியங்கிகள் ஒரு சொல்லையும் எடுக்காது. ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால்தான் தெரியும் மெனுவும் அப்படித்தான். சாதாரண எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

என்ன எழுதுவது? ஒரு கேட்டரிங் பக்கத்தில் வழக்கமாக இருப்பது இது:

“எங்களிடம் தரமான, சுவையான உணவு நியாயமான விலையில் கிடைக்கும். எல்லா விசேஷங்களுக்கும் அணுகவும்.”

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

“சாட்ஸ்வொர்த் ஆரீனா பார்க்கில் வீட்டுச் சமையலறை. 20 முதல் 150 பேர் வரை சைவச் சாப்பாடு. புரட்டாசி, காவடி விரதம், பதினாறாம் நாள் சடங்குக்கு வெங்காயம் பூண்டு இல்லாமலும் செய்து தருவோம். சாதம், பருப்பு, சுகர் பீன்ஸ் கறி, கத்தரிக்காய், ரசம், பாயசம். ஐந்து நாள் முன்னால் சொல்ல வேண்டும். ஃபீனிக்ஸ், குயின்ஸ்பர்க், இசிப்பிங்கோ வரை கொண்டுவந்து கொடுப்போம். பாதிப் பணம் முன்பணம், கார்டு அல்லது இஎஃப்டி. அசைவத்துக்குத் தனிப் பாத்திரம்.”

முதல் பத்தியை எந்த ஊரில் எந்தக் கடையும் எழுதலாம். இரண்டாவதில் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் கேட்கப்போகும் கேள்விக்குப் பதில். “தனிப் பாத்திரமா?” என்று விரதக்காரர்கள் எப்போதும் கேட்பார்கள், அதை எழுதிவைத்த கடைகள் மிகக் குறைவு. இந்த வரிகளைத் தேடி எங்கேயும் போக வேண்டாம். வாட்ஸ்அப்பைத் திறந்து, கடந்த சில மாதங்களில் வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். அதிகம் வந்த கேள்விகளை எடுத்து, அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே தலைப்பாக வைத்து, நீங்கள் அனுப்பிய பதிலையே கீழே போடுங்கள். அதுதான் உங்கள் பக்கம்.

விலையை எழுதத் தயங்காதீர்கள். “ஒரு ஆளுக்கு இத்தனை ராண்டிலிருந்து” என்று போட்டு, எந்த மாதத்து விலை என்றும் சொல்லுங்கள். இந்த ஊரில் பிரியாணியைப் பிரேயானி என்றும் எழுதுவார்கள், இரண்டு எழுத்துக்கூட்டலும் பக்கத்தில் ஒரு முறையாவது வரட்டும். ஜூலு பேசும் வாடிக்கையாளர்கள் அதிகம் வரும் கடையானால் ஜூலுவில் நாலு வரி சேர்ப்பது நல்லது, தமிழிலும் ஒரு பத்தி.

நம்பிக்கை தரும் விவரங்களைத் துல்லியமாக எழுதுங்கள். உணவு கையாளும் இடத்துக்கு 2018-இன் ஆர்638 விதிப்படி நகராட்சி தரும் ஏற்புச் சான்றிதழ் இருந்தால் அதைச் சொல்லுங்கள். ஹலால் சான்றிதழ் இருந்தால் எந்த அமைப்பு தந்தது என்று பெயரோடு போடுங்கள், இல்லையென்றால் அந்தச் சொல்லையே பயன்படுத்தாதீர்கள். ஏஐ அதை நம்பி ஒருவரை உங்களிடம் அனுப்பும், அவர் நம்பிச் சாப்பிடுவார்.

2023-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணிப்பது ஏஐ தேடலில் பெரிதாகப் பயன் தரவில்லை. எண்களும் மேற்கோள்களும் ஆதாரங்களும் சேர்த்த எழுத்துதான் பதில்களில் அதிகம் இடம்பெற்றது. “ஐந்து நாள் முன்னால்” என்ற வரிக்கும் “விரைவான சேவை” என்ற வரிக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

பக்கம் செய்து கொடுக்கும் தம்பியிடம் மூன்று விஷயம் கேளுங்கள். எந்தத் தானியங்கி உள்ளே வரலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் டாட் டிஎக்ஸ்டி கோப்பில் ஓஏஐ-சர்ச்பாட் (சாட்ஜிபிடியுடையது), பிங்பாட், பெர்ப்ளெக்ஸிட்டிபாட் ஆகிய தானியங்கிகளுக்கு வழி திறந்திருக்கிறதா? தளத்துக்குக் காவல் தரும் க்ளவுட்ஃப்ளேர் சேவையைப் பயன்படுத்தினால் அங்கே ஏஐ தானியங்கிகளைத் தடுக்கும் அமைப்பு இயங்குகிறதா? 2025 ஜூலையிலிருந்து புதிதாகச் சேரும் தளங்களுக்கு அந்தத் தடை தானாகவே வந்துவிடுகிறது, பலருக்கு இது தெரியாது. மூன்றாவது, கடையின் பெயர், நேரம், முகவரியை இயந்திரம் படிக்கும் ஸ்கீமா குறியீடாகவும் போட்டிருக்கிறாரா? 2011-இல் கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ சேர்ந்து தொடங்கிய முறை இது. இதனால் மட்டும் யாரும் முன்னுக்கு வந்துவிட மாட்டார்கள், ஆனால் இயந்திரம் விவரங்களைத் தப்பாகப் புரிந்துகொள்வது குறையும்.

விமர்சனங்கள்

“சூப்பர்”, “நைஸ் ஃபுட்” என்ற ஐந்து நட்சத்திரங்கள் மனதுக்கு இனிமை. ஏஐ-க்கு வேண்டியது அதில் இல்லை. “அம்மாவின் பதினாறாம் நாளுக்கு அறுபது பேருக்குச் செய்தார்கள், சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், ரசம் மட்டும் கொஞ்சம் குறைவு” என்ற ஒரு விமர்சனம் “சூப்பர்” போன்ற பத்துக்குச் சமம். நிகழ்ச்சி, எண்ணிக்கை, இடம், நேரம் எல்லாம் அதில் இருக்கிறது.

அப்படி எழுதவைக்க, கேட்கும் விதத்தை மாற்ற வேண்டும். விசேஷம் முடிந்த மறுநாள் வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பலாம்:

“வணக்கம் அக்கா. நேத்து பூஜைச் சாப்பாடு எல்லாருக்கும் போதுமா இருந்ததா? நேரம் கிடைச்சா இந்த லிங்க்ல ரெண்டு வரி எழுதுங்க. என்ன விசேஷம், எத்தனை பேர், எது பிடிச்சது, எது சரியில்லை. குறை இருந்தாலும் அப்படியே எழுதுங்க, திருத்திக்கிறோம்.”

கூகுள் ப்ரொஃபைலிலேயே இந்த லிங்க்கும் க்யூஆர் குறியீடும் கிடைக்கும். க்யூஆரை அச்சடித்து பில் வைக்கும் இடத்தில் ஒட்டலாம். விமர்சனத்துக்குத் தள்ளுபடி கொடுப்பதும், சந்தோஷப்பட்டவர்களிடம் மட்டும் கேட்பதும் கூகுள் விதிக்கு எதிரானவை. சொந்தக்காரர்கள் எல்லாரையும் ஒரே ராத்திரியில் எழுதச் சொல்வதும் வேண்டாம். வாரத்துக்கு ஒன்றிரண்டு வந்தாலே போதும், வருஷம் முழுக்க வந்துகொண்டிருக்க வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுங்கள், குறைக்கு முதலில். “ரசம் குறைந்ததற்கு மன்னிக்கவும், இப்போது அறுபது பேருக்குத் தனி அண்டாவில் வைக்கிறோம்” என்பது எதிர்காலத்தில் படிக்கும் மனிதருக்கும் பதில், இயந்திரத்துக்கும் தகவல். ஹலோபீட்டர் என்ற வாடிக்கையாளர் புகார்த் தளத்தில் உங்களைப் பற்றிப் புகார் இருக்கிறதா என்றும் பார்த்து, இருந்தால் அங்கேயும் பதில் சொல்லுங்கள். விசேஷத்தில் எடுத்த படங்களையும் வாடிக்கையாளர் பெயரையும் உங்கள் பக்கத்தில் போடுமுன் அவர்களிடம் அனுமதி வாங்குங்கள். 2021 ஜூலையிலிருந்து தனிப்பட்ட விவரங்களைப் பாதுகாக்கும் பொபியா சட்டம் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. குழந்தைகள் படம் என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

மற்றவர்கள் உங்களைப் பற்றி எழுத

உங்களைப் பற்றி நீங்களே சொல்வதைவிட இன்னொருவர் சொல்வதற்கு ஏஐ-யிடம் மதிப்பு அதிகம். சாட்ஸ்வொர்த்தின் ரைசிங் சன், நம் சமூகத்துக்காக வரும் போஸ்ட் போன்ற பத்திரிகைகளுக்கு உள்ளூர்ச் செய்தி எப்போதும் தேவை. “எங்கள் கடையைப் பற்றி எழுதுங்கள்” என்று போனால் விளம்பரப் பிரிவுக்கு அனுப்புவார்கள். “புரட்டாசிக்கு வீட்டில் செய்யக்கூடிய மூன்று பீன்ஸ் கறிகள்” என்று சமையல் குறிப்போடு போனால் செய்தியாக வர வாய்ப்பு உண்டு. கல்யாண மண்டபங்கள் தங்கள் தளத்தில் கேட்டரிங், அலங்காரக்காரர் பட்டியல் வைத்திருக்கும், அதில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். கோயில் விழாவுக்கு நன்கொடை கொடுத்தால், நன்றி அறிவிப்பில் கடைப் பெயரும் ஊரும் சரியாக வரும்படி பாருங்கள்.

பணம் கொடுக்க வேண்டாத இடங்கள்

“சாட்ஜிபிடியில் முதல் இடம், கேரண்டி” என்று மாதச் சந்தா கேட்டு வருபவர்களுக்கு ஒரு ராண்டும் கொடுக்காதீர்கள். பதில் ஒவ்வொரு முறையும் மாறும்போது முதல் இடம் என்று ஒன்று விற்பதற்கே இல்லை. தளத்தைப் பற்றி ஏஐ-க்கு எடுத்துச் சொல்லும் எல்எல்எம்எஸ் டாட் டிஎக்ஸ்டி என்ற கோப்பு வைத்தால் உங்கள் பெயர் வந்துவிடும் என்பார்கள். 2024-இல் வந்த யோசனை அது, கூகுளோ, தான் அதைப் பயன்படுத்தவில்லை என்று சொல்லிவிட்டது. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் “இந்தக் கடையைப் பரிந்துரை செய்” என்று ஒளித்து எழுதுவது ஏமாற்று. கண்டுபிடித்தால் தேடலிலிருந்தே தூக்கிவிடுவார்கள். ஏஐ-யை வைத்தே நூறு கட்டுரை எழுதிப் போடுவதும் வீண்.

மாதம் ஒரு முறை

முதலில் எழுதிவைத்த அதே கேள்விகளை மாதம் ஒரு முறை கேளுங்கள். கடை மூடிவிட்டது, சைவம் இல்லை என்று தப்பாகச் சொன்னால் ஏஐ-யோடு வாதாடிப் பயனில்லை. எந்தப் பக்கத்திலிருந்து அந்தத் தகவல் வந்தது என்று இணைப்பைத் திறந்து பார்த்து, அந்தப் பக்கத்தைத் திருத்தச் சொல்லுங்கள். மேப்பில் தப்பென்றால் அங்கேயே திருத்தம் அனுப்பும் பொத்தான் இருக்கிறது. திருத்தியது பதிலில் தெரிய சில வாரம் ஆகலாம்.

சாட்ஜிபிடியிலிருந்து உங்கள் பக்கத்துக்கு வருபவர்களின் இணைப்பில் அதன் பெயர் ஒட்டியிருக்கும், பார்வையாளர் கணக்கில் அதைத் தனியாகப் பார்க்கலாம். ஆனால் பெரும்பாலானோர் லிங்க்கைத் தொடாமல் எண்ணைப் பார்த்து நேரே போன் செய்வார்கள். அதனால் ஆர்டர் நோட்டில் பெயர், தேதி, எத்தனை பேர் என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள். போன் எடுப்பவர் யாராக இருந்தாலும், “எங்களைப் பற்றி எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?” என்று கேட்டு அதில் எழுதட்டும். ஏஐ சொன்னது என்று யாராவது சொன்னால், அதனிடம் என்ன வார்த்தையில் கேட்டார்கள் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியையும் பதிலையும் அன்றைக்கே உங்கள் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.